ஐம்பத்தொன்று யார் கையில்?

எங்கள் திருக்கடையூரில் 51 என்றால் மொய். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் பேர் போன ஊர். அந்த எண்ணுக்கு இங்கே வேலை அதிகம். பி.காம். படித்தவனுக்கு 51 என்றால் ஷேர். நூற்றில் 51 யார் கையிலோ, அவர்தான் கம்பெனிக்கு முதலாளி. அமெரிக்காவில் ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்கு 51 என்றால் ஏரோப்ளேன்!

நிஜமாகத்தான். அங்கே வீட்டு ஷெட்டில் சொந்தமாக விமானம் கட்டி, அதில் ஏறிப் பறக்கலாம். சட்டமே இடம் கொடுக்கிறது. முக்கியமான நிபந்தனை, வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும். பேச்சு வழக்கில் '51 சதவீத விதி'. கட்டி முடித்ததும் ஏறுகிறவர் கண்ணில் படும்படி 'எக்ஸ்பெரிமென்ட்டல்' என்று எழுதி வைக்க வேண்டும். 'பரிசோதனை' என்று போர்டு மாட்டிய பஸ்ஸில் நம்மில் எத்தனை பேர் ஏறுவோம், சொல்லுங்கள்!

இந்த ஷெட்டு ஆசாமிகளுக்காக 1953-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி என்பவர் 'எக்ஸ்பெரிமென்ட்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' ஆரம்பித்தார. முதல் கூட்டத்துக்கு வந்தது முப்பத்துச் சொச்சம் பேர். நம்மூரில் ஒரு பந்திக்குக் காணாது. 1955-ல் 800 டாலருக்குள் விமானம் கட்டுவது எப்படி என்று ஒரு பிரபல பத்திரிகையில் தொடர் எழுதினார், உறுப்பினர்கள் குவிந்தார்கள். சங்கத்துக்கென்று வந்த பத்திரிகை 1958 முதல் 'ஸ்போர்ட் ஏவியேஷன்'.

கப்பல் வேலையிலிருந்த என் சித்தப்பா அதில் பழைய இதழ்கள் சிலதைக் கொண்டுவந்து பரணில் போட்டிருந்தார். குழாயை வெல்டிங் வைப்பது, மரச்சட்டத்தை ஒட்டுவது, இறக்கைக்குத் துணி போர்த்துவது என்று ஒரே செய்முறை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இறக்கைக்குத் துணியா? இங்க தலகாணி உறைக்கே கிழியாத துணி கெடைக்கல" என்றாள்.

பின்னால் வந்த இதழ்களில் வழவழ காகிதம், போர் விமானம், ஜெட், ஃபாக்டரியிலேயே கட்டி விற்கிற விமானம். "என்ன சித்தப்பா, செய்முறையத் தேட வேண்டியிருக்கே?" என்றேன். "சமையல் புஸ்தகம் ஓட்டல் மெனு ஆயிடுச்சுடா தம்பி" என்றார்.

ஏன் ஆயிற்று? கணக்குதான். சங்கத்தின் வருடாந்தர விமானத் திருவிழா 1970 முதல் ஓஷ்கோஷ் என்ற ஊரில் நடக்கிறது. 2024-ல் வந்தவர்கள் 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை பேருமா ஷெட்டில் ரிவெட் அடிக்கிறார்கள்? பெரும்பாலோர் அண்ணாந்து பார்க்க வந்தவர்கள். டிக்கெட் அவர்களுடையது, விளம்பரம் கம்பெனிகளுடையது. பத்திரிகை அந்தப் பக்கம் சாய்ந்ததில் துரோகம் ஒன்றுமில்லை.

எனக்கு இது புதிசும் இல்லை. எங்கள் தெரு இளைஞர் மன்றம் ஆரம்பித்தபோது கையெழுத்துப் பத்திரிகை போட்டோம். மொத்தம் ஒரே பிரதி. ஒருத்தன் கதை, ஒருத்தன் படம். அப்புறம் ஆண்டுவிழா மலர் வந்தது. கணக்கு எழுதியவன் நான், மலர் லாபம். பட்டுக்கடை வாழ்த்துக்கும் பாத்திரக்கடை வாழ்த்துக்கும் நடுவே அரைப் பக்கக் கவிதை. படம் வரைந்த பையன் மட்டும் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அந்த நஷ்டத்தை எழுத லெட்ஜரில் கலம் இல்லை.

ஓஷ்கோஷ்காரர்கள் அப்படிச் சத்தமில்லாமல் போகவில்லை. 2012-ல் ஓடுபாதையை ஒட்டிக் கம்பெனி விருந்தாளிகளுக்குப் பந்தல் போட்டதில், சாதா உறுப்பினருக்கு விமானம் மறைத்தது. கசமுசா கிளம்பியது. அந்த அக்டோபரில் தலைவரும் பதவி விலகினார். 2013-ல் சங்கத்துக்கு வயது அறுபது. ஆகஸ்டில் போபெரெஸ்னி 91 வயதில் காலமானார். எங்கள் ஊர்க்காரனைக் கேட்டால், அறுபதில் யாரும் புதுப் பெண் தேடுவதில்லை, அதே மனைவிக்குத்தான் மறுபடி தாலி என்பான். இந்தச் சங்கத்துக்கு அந்த மனைவி, ஷெட்டில் ஸ்பானரோடு நிற்கிறவன்.

அவன் நம் நாட்டிலும் உண்டு. 1910-லேயே சென்னையில் டி ஆஞ்செலிஸ் என்ற ஓட்டல்காரர் தானே திட்டம் போட்டு, சிம்ப்சன் கம்பெனியில் விமானம் கட்டி, தீவுத்திடலில் பறந்து காட்டினார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானமே கட்டினார். அதைப் பதிவு செய்ய வருஷக்கணக்காக அலைந்து, 2017-ல்தான் நடந்தது. கூட நடக்க ஒரு சங்கமும், சந்தேகம் தீர்க்க ஒரு பத்திரிகையும் இருந்தால் அலைச்சல் பாதியாகியிருக்கும். சங்கம் என்பதே அதற்குத்தானே?

ஆகவே, நீங்கள் எந்தக் கிளப்பில் இருந்தாலும் ஒரு சின்ன ஆடிட் செய்யுங்கள். கேமரா கிளப்போ, செஸ் கிளப்போ, ஆபீஸ் நாடகக் குழுவோ, அதன் மலரை எடுத்து வைத்துப் பக்கங்களை எண்ணுங்கள். வாழ்த்து எத்தனை, வேடிக்கை எத்தனை, செய்கிறவனுக்கு எத்தனை? செய்கிறவன் கையில் 51 இருந்தால் சந்தாவைத் தைரியமாகக் கட்டலாம். இல்லையென்றால் நீங்கள் கட்டுவது சந்தா இல்லை, மொய்!