அசெனில் விழுந்தது இரண்டு தரம்

கல்லடிப் பாலத்தால மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போற எங்களுக்கு, மோட்டோ ஜிபி வீரர் ஜோர்ஜ் லொரென்சோ எண்டால் 2013தான். நெதர்லாந்தின் அசென் ஓடுபாதையில் வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பு முறிந்தது. பார்சிலோனாவுக்குப் பறந்து, தகடு வைத்துப் பூட்டி, சனிக்கிழமை திரும்பிவந்து ஓடி ஐந்தாவதாக முடித்தார். வாவிக்கரையில குந்தியிருந்து இன்னும் அதைத்தான் கதைக்கிறம்.

2019 இல் அதே அசெனில், பயிற்சி ஓட்டத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. சரளைக்கல்லில் உருளும்போதே இதெல்லாம் தேவைதானா எண்டு யோசித்ததாகப் பிறகு அவரே சொன்னார். அந்த நவம்பரில், 32 வயதில், ஐந்து உலகப் பட்டங்களோட விலகினார். பயந்திட்டார் எண்டு எங்களுக்குள்ள சிலர் நக்கலடிச்சாங்க. பயம்தான், அதில என்ன குறை? ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கொண்டு ஓடுற நாங்க, அந்த இரண்டாவது விழுகையின் வீடியோவை ஒருநாளும் ஒருத்தருக்கும் அனுப்பினதில்லை.