தேவனூர் நாட்டுத் தண்ணீர்

கொல்லிமலை என்றதும் எல்லோரும் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைத்தான் சொல்லுவார்கள். காரவள்ளி வருவதற்கு முன்பே ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். அப்படியும் சின்னவள் பாதி மலையிலேயே என் மடியில் சாய்ந்துவிட்டாள். மேலே போனதும் காற்றே மாறிவிடுகிறது. பலா, அன்னாசி, மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, சரிவெல்லாம் மரவள்ளி. இந்த மலையில் ஊர்களை 'நாடு' என்று பிரித்துச் சொல்லுகிறார்கள். அரியூர் நாடு, வாழவந்தி நாடு போல தேவனூர் நாடும் ஒன்று. அங்கே தெரிந்தவர் ஒருவரின் தாயார் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம்.

எனக்கு ஒரே கவலை, தண்ணீர். பெரியவளுக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு மலைக்குப் போயிருந்தோம். "மூலிகைத் தண்ணி, ஐஸ் மாதிரி இருக்கு, குடிடீ" என்று ஓடையில் நானேதான் கையால் ஏந்திக் கொடுத்தேன். ஊர் திரும்பியதும் பேதியும் வாந்தியும். கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர்கூட வரவில்லை. ராத்திரி முழுக்க உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டியும் நிற்காமல், விடிந்ததும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த மூன்று நாளை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

தேவனூர் நாட்டில் முதல் நாள் ராத்திரி ஆடி மழை கொட்டியது. காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் கிளம்பியவளை அந்த ஆயா தடுத்துவிட்டார்.

"இன்னிக்கி ஓடைத் தண்ணி வேண்டாம் கண்ணு. மழை பேஞ்ச மறுநாளு அது மலையக் கழுவுன தண்ணி."

எவ்வளவு சரியான பேச்சு! மாடு மேயும் இடத்துச் சாணம், புதர்மறைவில் மனிதர் கழித்தது எல்லாவற்றையும் மழைதான் ஓடையில் கொண்டு சேர்க்கிறது. முதல் நாள்வரை நல்லதாக இருந்த தண்ணீரில் ஒரே ராத்திரியில் கிருமிகள் பல மடங்கு பெருகிவிடும். குடலில் வாழும் பாக்டீரியாவுக்கு வெளியே பெரிய எதிரி வெயில். ஆனால் ஓடையின் மேல் மரநிழல் கவிந்திருந்தாலோ, தண்ணீர் கலங்கியிருந்தாலோ வெயில் உள்ளே போகாது. சில்லென்ற தண்ணீர் சுத்தம் என்று நாம் நினைக்கிறோமே, அதுவும் தப்பு. குளிர்ந்த தண்ணீரில்தான் இவை அதிக நாள் தாக்குப்பிடிக்கும். அடிமணலிலும் தங்கியிருந்து, யாராவது காலால் கலக்கினால் மேலே வரும்.

இந்த மலைத் தண்ணீர்தான் ஐயாறாகி, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகக் காவிரிக்குப் போகிறது. காவிரி கடலுக்கு. கடலின் உப்பும் வெயிலும் சேர்ந்து குடல் கிருமிகளைச் சீக்கிரம் அழித்துவிடும். ஆனாலும் மழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்தில் கிருமி ஏறித்தான் இருக்கும். குழந்தைகளை அந்த நாட்களில் அங்கே குளிக்க விடக்கூடாது. காலராக் கிருமியோ நேர்மாறு! லேசான உப்பும் வெதுவெதுப்பும்தான் அதற்குப் பிடிக்கும். முகத்துவாரத் தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாழும். தண்ணீர் சூடாகி அந்த உயிர்கள் பெருகினால் அதுவும் பெருகும்.

ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் வங்கதேசத்துக் கிராமப் பெண்களிடம், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீர் மொள்ளச் சொன்னார்கள். குட்டி உயிர்களோடு கிருமியும் துணியில் தங்கிவிட்டது. காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003-இல் எழுதினார்கள். புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் நன்றாக வடிகட்டுமாம்.

ஆயாவும் பழஞ்சேலையில்தான் வடிகட்டினார்! ஆனால் அதோடு விடவில்லை. தனியாகத் திரியும் கிருமி துணியில் நிற்காது. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அதில் அடங்காது. மேட்டு ஊற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை விறகடுப்பில் ஏற்றி, தளதளவென்று புரண்டு கொதித்த பிறகே இறக்கினார். இந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு மூன்று நான்கு டிகிரி முன்பே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேகத்தான் நேரமாகிறது. கிருமி சாக அந்தச் சூடே தாராளம். ஒரு நிமிஷம் நன்றாகப் புரண்டால் போதும். ஆறிய பிறகு மூடி வைத்து, கைபடாமல் நீளக் காம்பு வைத்த கொட்டாங்குச்சி அகப்பையால் மொண்டு ஊற்றினார். எங்கள் வீட்டில் இன்னும் டம்ளரை அப்படியே பானைக்குள் விடுகிற பழக்கம் போகவில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு பலாப்பழமும், இரண்டு பாட்டில் நிறையக் கொதித்தாறிய தண்ணீரும் கொடுத்தார். வளைவுகளில் பஸ் இறங்கும்போது சின்னவள் ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, தண்ணியில புகை வாசனை அடிக்குது."

"அடிக்கட்டும், குடி" என்றேன்.