மரை கழன்ற கஞ்சில்

“ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் ஸ்பானர்தான் பிடிக்க வேண்டும்.” பெற்றோர் சந்திப்பு நாளில் இவ்வாசகத்தைக் கேட்காத ஆசிரியர் நம்மில் எவரும் இருக்க மாட்டார். பிள்ளையின் எதிரிலேயே, நம்மையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொல்வார்கள். சென்ற மாதம், அவ்வாறு சொல்லும் வழக்கமுடைய ஒரு தந்தையோடும் ஆறாம் ஆண்டில் பயிலும் அவருடைய மகனோடும் ஒரு பட்டறையிலேயே அரை நாளைக் கழிக்க நேர்ந்தது.

கதை சொல்லும் போட்டி முடிந்து மூவரும் என் பழைய பெரோடுவா கஞ்சிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். 1994-இல் அறிமுகமாகி 2009-இல் உற்பத்தி நின்றுபோன வாகனம் அது. 660 சிசி, மூன்றே சிலிண்டர். தோட்டத்துச் சாலையின் மேட்டில் ஏறும்போது முன்புறம் பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை. அதைத் தொடர்ந்து ‘சப் சப்’ என்று காற்றுச் சீறல். மூன்றில் ஒரு சிலிண்டர் போய்விட்டால் மேட்டில் வண்டி என்ன பாடுபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முன்மூடியைத் திறந்து பார்த்தால், நடு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் தன் துளையைவிட்டு வெளியேறி, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மரையில் வெள்ளிச் சுருள் போல அலுமினியம் ஒட்டியிருந்தது.

அந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது. திறந்த துளை வழியே பெட்ரோல் கலந்த காற்று வெளியே பீய்ச்சும். பக்கத்திலேயே தீப்பொறிக் கம்பியும் இருக்கிறது. என் பழைய மாணவர் ஒருவர் அருகில் பட்டறை வைத்திருக்கிறார். அழைத்ததும் கயிற்றோடு வந்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன் வேறொரு பட்டறையில் பிளக் மாற்றியதைச் சொன்னேன். “என்ஜின் சூடாக இருந்ததா ஐயா?” என்று கேட்டார். ஆம், காத்திருக்க நேரமில்லை என்று அங்கே சுடச்சுடக் கழற்றினார்கள். புதிய பிளக்கை விரலால் தொடங்காமல் நேரே நீண்ட ஸ்பானரை வைத்துத் திருகினார்கள். பிளக்கின் உடல் உருக்கு. சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரண்டும் மோதினால் மெலிந்ததுதான் தோற்கும். மரை சற்றுக் கோணலாகப் பிடித்தாலும், அளவுக்கு மீறி இறுக்கினாலும், பிளக்குக்கு ஒன்றும் ஆகாது. துளையின் மரைதான் வழித்துக்கொண்டு போகும். மிச்சமிருக்கும் இரண்டொரு சுற்று சில நாள் தாக்குப்பிடித்து, ஒரு மேட்டில் கைவிட்டுவிடும்.

(‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அதன் பொருள் என் மாணவனுக்கு அன்றுதான் விளங்கியது. பாடநூலில் திருகுப்புரி என்று எழுதினாலும் பட்டறையில் அது மரைதான்.)

தொலைபேசியில் யோசனை கேட்ட நண்பர்கள் ஹெட்டையே மாற்றச் சொன்னார்கள். ஹாஃப் கட் கடையில் பழையது கிடைக்குமாம். மாணவரோ துளைக்குள் உருக்குக் குழல் ஒன்றைப் பதித்துவிடலாம் என்றார். சுருள் கம்பி வகையும் உண்டு, விலை குறைவு. ஆனால் பிளக்கை அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் சுருள் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடக்கூடும் என்பது அவர் கருத்து.

வேலையைத் தொடங்குமுன் என்ஜினைக் கையால் சுழற்றி, வால்வுகள் மூடியிருக்கும்படியும் பிஸ்டன் கருவிக்குத் தட்டாத அளவு இறங்கியிருக்கும்படியும் நிறுத்தினார். பிறகு டேப்பின் பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் பூசினார். சீவல்கள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்வதற்காகவாம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெளியே எடு, துடை, மீண்டும் கிரீஸ் பூசு. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. அந்தப் பொறுமை எனக்கே வியப்பாக இருந்தது. வகுப்பில் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து போகும் பிள்ளை அவர்.

புதிய மரை வெட்டியபின் துளையின் வாயில் குழலின் விளிம்பு அமரப் படி வெட்டினார். மெல்லிய குழாயால் உள்ளே உறிஞ்சினார். எஞ்சிய துகள்களைக் காற்றழுத்தமே வெளியே தள்ளட்டும் என்று பிளக் இல்லாமல் என்ஜினைச் சில நொடி சுழலவிட்டார். கடைசியில் குழலை உள்ளே திருகினார். அதைச் செலுத்தும் கருவி அடிப்பகுதி மரைகளை வெளிப்புறமாக விரித்து அலுமினியத்தோடு பூட்டிவிடுகிறது. பிளக்கைக் கழற்றும்போது குழல் கூடவே வராது.

இதற்குள் மாணவன் நாற்காலியை விட்டெழுந்து பக்கத்தில் போய் நின்றிருந்தான். “இந்த மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர், தம்பி. ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் உள்ளே போகும். நீளம் 19. எத்தனை சுற்று?” என்று கேட்டார் பட்டறைக்காரர். தசம வகுத்தலில் என்னைத் திணறடிக்கும் பையன், தரையிலிருந்த அட்டைத்துண்டில் கணக்குப் போட்டு, “பதினைந்து, கொஞ்சம் அதிகம்” என்றான். அவர் ஒரு ரப்பர்க் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி அவன் கையில் கொடுத்தார். முதலில் பின்னோக்கிச் சுற்றி, மரை ‘டக்’கென்று அமர்ந்தபின் முன்னோக்கிச் சுற்ற வேண்டும், கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், மரை பிழைக்கும். பையன் ஒவ்வொரு சுற்றையும் உரக்க எண்ணினான். இறுதி இறுக்கத்தை மட்டும் அவர் டார்க் ஸ்பானரால், ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டருக்கு, முடித்தார். அக்கருவி இல்லாதவர்கள், வளையம் பொருந்திய புதிய பிளக்கை விரலால் இறுகியபின் அரைச் சுற்று திருப்பினால் போதுமாம். எதுவானாலும் என்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

தந்தை அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. கை கழுவ வந்தவரிடம், “இதற்கு எத்தனை வருடம் படித்தாய் தம்பி?” என்றார்.

“படிவம் ஐந்துக்குப் பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன் அண்ணே. மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை வரை. அதற்குமேல் இன்னொருவர் பட்டறையில் ஆறு வருடம்.”

“கணக்கெல்லாம் வேண்டுமா?”

“இப்போது உங்கள் மகன் போட்டதுதான் அண்ணே.”

நம் பள்ளிகளில் பலவீனமான பிள்ளைகளுக்கு மட்டுமே தொழிற்கல்வி என்று ஒதுக்கிவைக்கிறோம். 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்ட பிறகும் இந்தக் கண்ணோட்டம் மாறியதாகத் தெரியவில்லை. அந்தத் தந்தையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால்மரம் வெட்டிய கைகளுக்குப் பிறந்தவர் அவர். தன் மகன் கை அழுக்காகாமல் பிழைக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்பது நமக்கும் தெரியும்.

கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார் மாணவர். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தைச் சரிபார்க்கக் கொண்டுவரச் சொன்னார். தானும் வரலாமா என்று பையன் தந்தையைப் பார்த்தான். அவர் உடனே விடை சொல்லவில்லை. வண்டியில் ஏறி, தோட்டத்து வாசலை நெருங்கும்போது, “ஐயா எப்போது போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். நேற்றுடன் கஞ்சில் நானூற்று எண்பது கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.