ஆடிஷன் அன்னைக்கு குரல் கட்டினா?

அகபெல்லான்னா வாத்தியமே இல்லாம, குரல் மட்டும். 1996-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இந்திய வம்சாவளி மாணவர்கள் ஆரம்பிச்ச 'பென் மசாலா' கேட்டிருப்பீங்க, அந்த மாதிரி. இதுல சேர ஆடிஷன் உண்டு. ஸ்வரம் ஸ்வரமா ஏத்தி உங்க குரல் எதுவரைக்கும் போகுதுன்னு பார்ப்பாங்க. பக்கத்துல ஆளுக்கொரு ஸ்வரம் பாட, நீங்க உங்களோடதை விடாம பிடிக்கணும். ஒளிஞ்சுக்க ஒரு தம்புரா கூட கிடையாது.

எங்க அண்ணன் பொண்ணு கொடைக்கானல் குளிர்ல கேரல் பாடி வளர்ந்தவ. இப்ப அமெரிக்காவுல முதல் வருஷம். போன மாசம் போன்: "சித்தப்பா, நாளைக்கு ஆடிஷன், குரலே வரல. ஸ்டீராய்டு சொல்லுங்களேன்."

முடியாதுன்னேன். பெண் குரல்ல சாதாரணப் பேச்சுக்கே குரல்நாண் விநாடிக்கு சுமார் 200 தடவை அதிரும். மேல்ஸ்தாயில இன்னும் அதிகம். வீங்கின நாணை வச்சு முக்கிப் பாடினா உள்ள ரத்தம் கசியலாம். தொண்டையைப் பார்க்காம போன்ல சொல்ற மருந்து இல்ல ஸ்டீராய்டு. "வேற நாள் கேளு"ன்னேன். ரொம்பக் கோவம், ஆனா கேட்டா. குடுத்தாங்க.

உங்களுக்கும் அதேதான். கிசுகிசுப்பாப் பேசறதும் ஓய்வு இல்லைங்க, பேசாம இருங்க. தண்ணி குடிங்க (அது நேரா குரல்நாணைத் தொடாது, உடம்பு வழியாத்தான் ஈரம் போகும்). மூணு வாரம் தாண்டியும் கரகரப்பு இருந்தா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.