பெயர் சூட்டுவோம்

இலக்கியம் பிறந்த பின்னரே இலக்கணம் பிறக்கும் என்று தமிழ் வகுப்பில் கற்கிறோம். கணினி விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும்!

1980-இல் அமெரிக்க மாணவர்கள் ஆக்கிய 'ரோக்' விளையாட்டில், ஒவ்வொரு முறையும் சுரங்கம் புதிதாக அமையும். இறந்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அதைப் பின்பற்றியவை 'ரோக்லைக்', அதாவது ரோக் போன்றவை, எனப் பெயர் பெற்றன. 2008-இல் பெர்லினில் கூடிய படைப்பாளர்கள் அவ்வகைக்கு இலக்கணமும் வகுத்தனர். அதே ஆண்டில் டெரெக் யூ வெளியிட்ட 'ஸ்பெலங்கி'யோ, ரோக்கின் விதிகளைத் தாவிக் குதித்தோடும் விளையாட்டோடு இணைத்தது. இலக்கணத்தை மீறியவற்றைக் குறிக்கக் காலப்போக்கில் 'ரோக்லைட்' என்ற சொல்லும் வழக்கிற்கு வந்தது.

வகைப்பெயர் படைப்பவருக்கு வழிகாட்டி, பழகியவருக்கு அழைப்பிதழ். ரோக்கையே அறியாதவருக்கோ அது பூட்டிய கதவு. அண்ணன்மார் இச்சொற்களை அடுக்கிப் பேசும்போது, "இது நமக்கல்ல" என்று எங்களுள் பலர் ஒதுங்குவதுண்டு. ஆடிப் பார்க்கும் முன்பே ஒரு சொல் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது!

தோழியரே, சொல்லின் பொருளைத் தயங்காமல் கேட்போம், ஆடியும் பார்ப்போம். நாளை நம்முள் ஒருத்தி படைக்கும் விளையாட்டு எந்தப் பெயருக்குள்ளும் அடங்காதிருக்கலாம். அன்று அதற்கு நாமே பெயர் சூட்டுவோம்!