நெடுவழியும் குறுநேரமும்

உலக உருண்டையில் தில்லியையும் சான்பிரான்சிஸ்கோவையும் ஒரு நூலால் இணைத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் விருப்பமான செயல். இழுத்துப் பிடித்த நூல், வடதுருவத்தை ஒட்டி வளைந்து செல்லும். தட்டையான நிலப்படத்தையே கண்டு பழகிய மாணவர்கள் அதை எளிதில் நம்புவதில்லை. நூலின் அளவுப்படி தொலைவு ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். அதுவே மிகக் குறுகிய வழி.

ஆனால், வானூர்திக்குக் காற்றும் ஒரு கணக்கு. தில்லியிலிருந்து அந்நகருக்குச் சென்ற ஏர் இந்தியா வானூர்தி, முன்பு மேற்கு நோக்கி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. தொலைவு சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அது கிழக்கே திரும்பிப் பசிபிக்கின் மேல் பறந்தது. தொலைவு 15,300 கிலோமீட்டராகக் கூடியது. பயண நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணியாயிற்று!

காரணம், சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம். எதிர்த்துப் பறந்தால் அது தடை. உடன் பறந்தால் துணை. மிஞ்சும் இரண்டு மணி நேரம் என்பது பல டன் எரிபொருள். பருவக்காற்றுக்காகத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் காத்திருந்த பாய்மரக் கப்பலோட்டிகளுக்கு இதில் வியப்பேதும் இருந்திராது.

எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. அவ்வானூர்தி தில்லிக்குத் திரும்பியதும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாக. ஒருமுறை போய்வருவதற்குள் அது உலகையே சுற்றிவிட்டது.