நெடுந்தீவில் ஒரு குடம் நல்ல தண்ணீர்

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் காலையில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறுபவர்களின் கைகளைப் பார்த்தாலே அவர்கள் எங்கே போகின்றார்கள் என்று சொல்லிவிடலாம். மரக்கறிப் பை, மருந்துப் பை, பிள்ளைகளுக்கு வாங்கிய கொப்பிகள். சிலரிடம் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். அவர்கள் தீவுக்குப் போகின்றவர்கள். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த இடத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு போகின்றார்கள்.

சென்ற ஆடி மாதம் நானும் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். பண்ணைப் பாலத்தையும் மண்டைதீவுச் சந்தியையும் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கம் போனால் மணற்பிட்டிகள் தெரியும். மாரியில் பெய்கின்ற மழையை இந்த மணல்தான் உறிஞ்சி வைத்திருந்து கோடையில் கிணறுகளுக்குக் கொடுக்கின்றது. இங்கும் வேலணை சாட்டியிலும் உள்ள நல்ல தண்ணீர்க் கிணறுகள் அயல் கிராமங்களுக்கும் தாகம் தீர்த்தவை. மணலை லொறியில் அள்ளிக்கொண்டு போனால் தண்ணீரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவதாகத்தான் அர்த்தம். மணலில் காசு பார்ப்பவர் ஓரிடத்தில் இருப்பார், தண்ணீரை இழப்பவர் இன்னோரிடத்தில் இருப்பார்.

புங்குடுதீவில் வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகளைக் கண்டேன். ஆட்கள் இருக்கின்ற வீடுகளின் படலைகளில் வெறும் கான்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அன்று பவுசர் வருகின்ற நாள் என்று பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார்.

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சோளகக் காற்றுக் காலமாகையால் படகு ஆடிக்கொண்டே போனது. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை நினைக்காமல் இந்தக் கடலைக் கடக்கின்ற நெடுந்தீவார் இல்லை. என் அருகில் இருந்த வயதான அம்மாவும் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் அமர்ந்தார்.

நெடுந்தீவைப் பார்க்க வருகின்றவர்கள் ஒல்லாந்தர் காலக் கோட்டையையும், பெருக்கு மரத்தையும், காட்டுக் குதிரைகளையும் பார்த்துவிட்டு மாலைப் படகில் திரும்பிவிடுவார்கள். நான் பார்க்கப் போனது ஒரு தண்ணீர்த் தாங்கியை. ஆறு வருடங்களுக்கு முன்னர் நான் வேலை செய்த நிறுவனம் அங்கே வைத்த தாங்கி அது. இடத்தைத் தெரிவு செய்த கூட்டத்தை நடத்தியவளும் நான்தான்.

தாங்கி சனசமூக நிலையத்துக்கு அருகில், பிரதான வீதியோரத்தில், நாங்கள் வைத்தபடியே இருந்தது. நீலநிறம் வெளிறியிருந்தாலும் பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போகின்றது என்றார்கள். எனக்குச் சந்தோசம். அங்கிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடந்து, முருகைக் கல் மதில்களுக்கு இடையில் போகின்ற ஒழுங்கையின் கடைசி வீடுகளுக்குப் போனேன். அங்கே கணவனை இழந்த பெண்களும், கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களும் பிள்ளைகளோடு இருக்கின்றார்கள்.

"தண்ணி வந்தது பிள்ளை. ஆனா எங்களிட்டை வரேல்லை" என்றார் ஓர் ஆச்சி.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். ஆச்சி என்னைக் கோபிக்கவில்லை. திண்ணையில் இருத்தி, செம்பில் தண்ணீர் தந்தார். அதைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த வீட்டில் நான்கு பேர். ஒரு நாளைக்கு மூன்று குடம் நல்ல தண்ணீர். ஒரு குடம் பதினைந்து லீற்றர் என்று வைத்தாலும் ஆளுக்குப் பதினொரு லீற்றர் வரும். குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் கரைக்க எல்லாம் அதற்குள்தான். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் வளவுக் கிணற்றுச் சவர்த் தண்ணீர். மகள் கூலிவேலைக்குப் போய்விடுவதால் பவுசர் வருகின்ற நாளில் பன்னிரண்டு வயதுப் பேத்திதான் தண்ணீருக்குப் போகின்றாள். பவுசருக்கு நேரம் இல்லை. காலையில் வந்தால் அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

வளவுக் கிணறு ஏன் சவர் என்று கேட்டேன். "முந்தி துலாவாலை ஆறுதலா அள்ளின காலத்திலை இவ்வளவு சவர் இல்லை. பக்கத்து வளவுகளிலை மோட்டர் பூட்டினாப் பிறகுதான் இப்பிடி" என்றார். ஆச்சி சொன்னது விஞ்ஞானமும் ஒத்துக்கொள்கின்ற விடயம். தீவுகளிலும் குடாநாட்டிலும் சுண்ணக்கல் நிலத்துக்குக் கீழே உப்புநீரின் மேல் மழைநீர் ஒரு படையாக மிதக்கின்றது. மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். மோட்டர் போட்டு வேகமாக இறைத்தால் கீழே இருக்கின்ற உப்பு மேலே ஏறிவிடும். மோட்டர் வாங்க வசதியுள்ளவர் இறைக்க, வாளியால் அள்ளுகின்றவரின் கிணறும் சேர்ந்து உப்பாகின்றது.

அன்று இரவு தங்கிய வீட்டில் எனக்கு நித்திரை வரவில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வந்து முகாமில் இருந்தபோது எனக்கு இருபது வயது. இரண்டு கான்களோடு பவுசருக்கு நின்ற வரிசை இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றது. இதை வாசிக்கின்ற உங்களில் பலரும் அப்படியான வரிசையில் நின்றிருப்பீர்கள். பலசாலிகள் முன்னுக்குப் போவார்கள். கர்ப்பிணிகளும் காயப்பட்டவர்களும் ஆண் துணை இல்லாதவர்களும் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள். குழாய் திறந்திருந்தாலும் எல்லோருக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை என்பதை அங்கேதான் படித்தேன். இடர்காலத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆகக்குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் கொடுக்கப்பட வேண்டும் என்ற சர்வதேச அளவுகோல் ஒன்று இருப்பது பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோதுதான் தெரியவந்தது. யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஆச்சி வீட்டின் நல்ல தண்ணீர் அந்த இடர்கால அளவுக்குக் கூட வரவில்லை.

இது நெடுந்தீவின் கதை மட்டும் அல்ல. 2022 ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் கணக்கிட்டன. வளவுக்குள் தண்ணீர் இல்லாத வீடுகளில் பத்துக்கு ஏழு வீடுகளில் தண்ணீர் எடுத்து வருபவர்கள் பெண்களும் பெண் பிள்ளைகளுமே.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் மூன்று வருட வரட்சிக்குப் பின் 2018 இல் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 50 லீற்றருக்கு மேல் பாவிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. வீட்டுக்குழாய்கள் மூடப்படும் நாள் வந்தால் ஆளுக்கு 25 லீற்றர் மட்டும் வரிசையில் நின்று எடுக்க வேண்டும் என்றும் திட்டமிட்டிருந்தார்கள். அந்த நாள் வராமல் தப்பியது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதைப் பெரிய செய்தியாக எழுதின. ஆனால் அதே நகரின் குடிசைப் பகுதிப் பெண்கள் வரட்சிக்கு முன்பும் பொதுக்குழாயில் வரிசையில் நின்றுதான் எடுத்தார்கள். நீச்சல் தடாகம் உள்ள வீடுகளுக்கு அந்த நிலை வரப்போகின்றது என்றபோதுதான் அது செய்தியானது.

எமது நாட்டிலும் இதே நிலைதான். மகாவலியும் களனியும் பிறப்பது மலையகத்தில். என்னோடு படித்த தோட்டப்புறத் தோழி ஒருத்தி, லயத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே பீலிதான், விடிய நாலு மணிக்கு எழும்பினால்தான் குடம் நிறையும் என்று சொல்லுவாள். ஆறு பிறக்கின்ற மலையிலே தண்ணீருக்கு வரிசை. அந்த ஆற்று நீர் கொழும்பில் குழாயைத் திருகினால் வருகின்றது.

இல்லாதவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடுவதும் தண்ணீர்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அப்போது அவர்களைச் சுயநலக்காரர் என்று யாழ்ப்பாணத்தில் சிலர் பேசியதைக் கேட்டிருக்கின்றேன். யுத்தத்தில் எல்லாம் இழந்து வந்து வயல் ஒன்றையே நம்பியிருப்பவர்கள் பயப்படுவது நியாயம். யாழ்ப்பாணத்தார் குடிநீர் கேட்பதும் நியாயம். இறுதியில் கடல்நீரை நன்னீராக்குகின்ற வழிக்குப் போனார்கள். 2024 ஓகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய நிலையம் திறக்கப்பட்டது. நல்ல விடயம். ஆனால் நிலையம் திறப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு நான் வைத்த தாங்கியே சாட்சி. கடைசி ஒழுங்கைக்கும் போகின்றதா, கட்டணம் கட்ட இயலாதவருக்கும் கிடைக்கின்றதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சாதியின் பேரால் கிணற்றுக் கட்டில் கால் வைக்கவும் விடாத ஊர்கள் எமது ஊர்கள். தாகத்தோடு நின்றவரின் கையில் தண்ணீரை மேலிருந்து ஊற்றியவர்கள் எமது முன்னோர். அது முற்றாக ஒழிந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. உலகம் எம்மை வஞ்சிக்கின்றது என்று பேசுகின்ற நாங்கள், எங்கள் கிணற்றடியில் யாரை வஞ்சித்தோம் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த நாள் காலை, ஆச்சி வீட்டு வேம்புக்குக் கீழே பெண்கள் கூடினார்கள். ஆறு வருடங்களுக்கு முந்திய கூட்டத்தை நான் பின்னேரம் நான்கு மணிக்கு வைத்திருந்தேன். அது பெண்கள் தண்ணீருக்குப் போகின்ற நேரம். வந்தவர்களில் பெரும்பாலானோர் வீதியோரத்து ஆண்கள். அவர்கள் தங்களுக்கு வசதியான இடத்தைச் சொன்னார்கள், நான் எழுதிக்கொண்டேன். இதை அந்தப் பெண்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இப்ப கேட்டனீங்கள்தானே, எழுதுங்கோ" என்றார் ஓர் இளம் தாய்.

ஒழுங்கைக் கடைசியில் சிறிய தாங்கி ஒன்று வேண்டும். பவுசர் வருகின்ற நாளும் நேரமும் முன்கூட்டியே தெரிய வேண்டும், அதுவும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு. குழாய்த் திறப்பு இரண்டு பெண்களிடம் மாதமுறையில் இருக்க வேண்டும். வயோதிபர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி உள்ள வீட்டுக்கு முதற்குடம். எந்தச் சாதி என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை ஆச்சிதான் எழுதச் சொன்னார். பிரதேச சபைக்கு எழுதிய கடிதத்தில் பதினேழு பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத இருவர் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள்.

தண்ணீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று 2010 ஜூலை 28 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. அதை முன்வைத்த நாடு பொலிவியா. 2000 ஆம் ஆண்டில் அங்கே கொச்சபம்பா நகரில், தனியார் கம்பனி ஏற்றிய தண்ணீர்க் கட்டணத்துக்கு எதிராகச் சாதாரண சனங்கள் வீதிக்கு இறங்கி, ஒப்பந்தத்தையே இரத்துச் செய்ய வைத்தார்கள். வேம்படியில் இந்தக் கதையைச் சொன்னபோது, "அங்கையும் பொம்பிளையள் வந்தவையே?" என்று ஒருவர் கேட்டார். வந்தார்கள் என்றேன்.

இதை எழுதுகின்றபோது, சிறிய தாங்கி வைத்தாயிற்று என்று தொலைபேசியில் செய்தி வந்திருக்கின்றது. பவுசர் நேரம் இன்னும் ஒழுங்காகவில்லை. பேத்தி இன்னும் சில நாட்கள் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கின்றாள். அதற்காக அடுத்த மாதம் பிரதேச சபைக்கு நேரே போகப் போகின்றோம் என்றார் அந்த இளம் தாய். நான் கூப்பிடாமலேயே அவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் தாங்கி இருக்கலாம், குழாய் இருக்கலாம். அங்கிருந்து எத்தனையாவது வீட்டோடு தண்ணீர் நின்றுவிடுகின்றது என்று ஒருநாள் நடந்து பாருங்கள். தண்ணீர் பற்றிய அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். நீங்கள் குடத்தோடு நிற்கின்ற நேரம் என்றால், அந்த நேரத்தை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.